ஆறாவது பாத்தியில் ஆடு மேய்ந்தது

குற்றச்சாட்டு: 1972-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, சாத்தவயல் ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட வயலாய்வு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "இவ்வூர் விவசாயி வீரணன் கூறிய முறைப்படி மக்னீசியம் இடப்பட்ட ஏழு நிலங்களிலும் நெற்பயிர் பாதிக்கப்பட்டது, களர் நிலத்துக்கு இம்முறை உகந்ததன்று" என்று எழுதப்பட்டிருந்தது. இந்த வாக்கியத்தில் ஏழு என்ற எண் மட்டுமே உண்மை. அந்த ஏழு நிலங்களில் இடப்பட்டது வீரணன் கூறிய உப்பு அன்று. இட்ட விதமும் அவர் கூறிய விதம் அன்று. அறிக்கையை எழுதியவர் இவ்விரண்டையும் அறிந்திருந்தார், அறிந்தே எழுதினார்.

வீரணன் அந்த அறிக்கையைப் பலகையின் முன் நின்றபடியே பென்சிலால் படியெடுத்தார். வெயில் ஏறும் வரை நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு சொல் போட்டுவிட்டுப் போனார்கள். "சர்க்காரு திட்டினதைக்கூட நோட்டுல ஏத்திக்கிடுற ஆளு இவரு ஒருத்தருதான்" என்றார் ஒருவர். வீரணன் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் கிராமசேவக் பெத்தனைத் தேடிப் போய், "படி சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெத்தன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முழுப்பெயர் எழுதாமல் முதலெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

வீரணனுக்குக் காகிதத்தின்மேல் இந்தப் பற்று எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பின் பதினோரு ஆண்டுகள் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு சாயக் குழம்பை ஊற்றுகிற வேலை. கரண்டியில் அரைக்கால் கூடினாலும் ஒரு கல்லின் சிவப்பு அடுத்த கல்லின் சிவப்போடு சேராது. கல்யாண வீட்டு முகப்பில் அது பல்லை இளித்துக் கொண்டு நிற்கும். ஆகவே எதையும் நிறுத்துப் போடுவது, போட்டதை எழுதி வைப்பது, ஒன்று கெட்டால் எந்தக் கலவையில் கெட்டது என்று ஏட்டைப் புரட்டுவது ஆகிய மூன்றும் அங்கே அவர் கைக்கு வந்தன. நீரில் கரைகிற பொடி எது, கரைந்தது போல் காட்டிவிட்டு அடியில் போய்ப் படிகிற பொடி எது என்பதும் அங்கே கற்றதுதான். காரைக்குடிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு விஞ்ஞானப் பாடநூலும், முதுகு கிழிந்த ஓர் ஆங்கில அகராதியும் மற்றதைக் கற்றுக் கொடுத்தன.

தகப்பனார் இறந்தபின் ஊருக்குத் திரும்பி, பங்காகக் கிடைத்த நிலத்தில் இறங்கினார். கண்மாய்க்குக் கீழே, பள்ளக்காட்டில், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சாத்தவயல், புதுவயலுக்கும் கோவிலூருக்கும் இடையில் கிடக்கிற சின்ன ஊர்; அதில் பள்ளக்காடு முழுவதும் களர். கோடை வந்தால் தரை வெள்ளையாகப் பூத்து நிற்கும். சுற்று ஊர் வண்ணார்கள் வெள்ளாவிக்கு உவர்மண் எடுக்க அங்கேதான் வருவார்கள். துணியை வெளுக்கிற மண் பயிரையும் வெளுத்தது. நட்ட இருபதாம் நாள் அடித்தாளில் நடுநரம்பு பச்சையாக இருக்கும். நரம்புக்கு நரம்பு நடுவே மஞ்சள் ஓடி, பிறகு செம்மஞ்சளாகி, தாள் துவண்டு தண்ணீரில் கிடக்கும். ஜிப்சம் போட்டார்கள். அமோனியம் சல்பேட் போட்டார்கள். கொழுஞ்சியும் எருக்கும் வெட்டி வந்து மிதித்தார்கள். மிதித்த ஆண்டு கொஞ்சம் தேறும், மிதிக்காத ஆண்டு அதுவும் இல்லை. அவ்வளவுதான் பள்ளக்காட்டாருக்குத் தெரிந்த வேளாண்மை.

1967 மார்கழியில் வீரணனின் காளைக்கு வயிறு உப்பிக்கொண்டது. மாட்டு ஆஸ்பத்திரியில் பேதி உப்பு கொடுத்தார்கள். வரப்போரம் காளையைப் பிடித்து நிறுத்தி, மனைவி சோணையம்மாள் ஒரு பானை நிறைய உப்பைக் கரைத்துக் கொண்டுவர, காளை ஒரே உதையில் பானையை வயலுக்குள் தள்ளியது. மறுநாள் காளை செத்துப் போயிற்று. காளைக்காக அழுது முடித்த பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சோணையம்மாள்தான் முதலில் அதைக் கண்டார்.

"இங்குட்டு வாங்க. பானை கவுந்த எடத்தைப் பாருங்க."

மஞ்சள் வயலின் நடுவே கட்டில் அகலத்துக்குக் கரும்பச்சை. சாணி, மூத்திரம் விழுந்திருக்கும் என்று அண்டை வயல்காரர்கள் சொன்னார்கள். வீரணன் அதை ஒப்பவில்லை. காளை கட்டுண்டு கிடந்த இடம் வேறு. அங்கே சாணி மலைபோல் கிடந்தும் பயிர் மஞ்சளாகவே நின்றது. பச்சை, தண்ணீர் ஓடிய சாய்வில் ஒரு நாக்கு போல நீண்டிருந்தது. பேதி உப்பு என்பது மக்னீசிய சல்பேட் என்று பாடநூல் சொன்னது. இலையின் பச்சைக்குள் இருப்பது மக்னீசியம் என்று அதே நூல் வேறொரு பக்கத்தில் சொன்னது. களர் மண்ணில் சோடியம் மிகுந்து மற்ற சத்துகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை அவரே சேர்த்துப் புரிந்துகொண்டார். பல நாள் பிடித்தது.

அன்று முதல் ஊரில் அவருக்குப் "பேதியுப்பு" என்று பெயராயிற்று. காரைக்குடி மருந்துக் கடையில் ஐந்து கிலோ கேட்டபோது கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்ப்பா, வீட்டுல எத்தனை பேருக்கு வயித்துக் கட்டு?"

"நெல்லுக்குங்கய்யா."

"நெல்லு எந்த ஊருல ஒதுங்கப் போகுது?" என்று கடை முழுவதும் சிரித்தது. வீரணனும் சிரித்தார். ஆனால் ரசீதைக் கேட்டு வாங்கிக் கொண்டார்.

நாற்பது சென்ட் நிலத்தை எட்டுப் பாத்தியாகப் பிரித்தார். ஒற்றைப்படைப் பாத்திக்கு உப்பு, இரட்டைப்படைக்கு இல்லை. மற்ற எல்லாம் ஒன்றே: விதை, தழை, ஜிப்சம், நட்ட நாள், களை எடுத்த கை. முதல் ஆண்டு வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி கசிந்து, உப்பு இடாத பாத்தியும் பச்சை கட்டியது. இன்னொருவராக இருந்தால் எல்லாம் தேறியது என்று மகிழ்ந்திருப்பார். வீரணன் அந்த ஆண்டின் ஏட்டைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, "செல்லாது" என்று எழுதினார். மறு ஆண்டு வரப்புகளை இரண்டு முழ அகலத்துக்குக் கட்டினார். ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை வைத்தார். பாத்தி ஒன்றுக்கு உப்பு ஒரு கிலோ. வாரம் ஒருமுறை பாத்திக்குப் பத்து நாற்றுக் குத்து பிடித்து, ஒவ்வொன்றிலும் வெடித்த தூரை எண்ணினார். உப்புப் பாத்தியில் குத்துக்குப் பதினான்கு தூர், வெறும் பாத்தியில் ஒன்பது. அறுப்பில் உப்புப் பாத்தி பதினொரு மரக்கால், வெறும் பாத்தி ஏழு. அந்த ஏழிலும் பதர் அதிகம்.

ஆறாவது பாத்திக்குக் கணக்கு இல்லை. பால் பிடிக்கும் பருவத்தில் மருது வீட்டு ஆடுகள் புகுந்து பாத்தியை மொட்டையடித்துவிட்டன. "மத்த வெறும் பாத்தியில ஏழுன்னா இதுலயும் ஏழுன்னு போட்டுக்கிட வேண்டியதுதானே?" என்றார் சோணையம்மாள். வீரணன் அந்த இடத்தில், "6: பதிவு இல்லை. ஆடு மேய்ந்தது" என்று எழுதினார். இந்த வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் ஒன்றியத்து வேளாண்மை அலுவலகத்துக்கு எழுதினார். முதலில் ஒரு கார்டு, பதில் இல்லை. அடுத்தது பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டை மட்டும் திரும்பி வந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, 1970 டிசம்பர் 28 அன்று, புதிதாக வந்திருந்த விரிவாக்க அலுவலர் முத்துராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். இளவயதுக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். அதை வீரணன் மனத்தில் அவருக்கு வரவு வைத்தார். எட்டுப் பாத்தியும் எட்டுக் கட்டம் போட்ட துணியாகப் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தன. அலுவலர் ஒவ்வொரு வரப்பாக நடந்து பார்த்தார்.

"யாருப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"காளை மாடுங்கய்யா."

அவர் சிரித்துவிட்டார். ஆடு மேய்ந்த ஆண்டின் ஏட்டை வாங்கிப் புரட்டினார். "இதை நான் ரெண்டு நாள் வெச்சிருந்து தர்றேன்."

"ஒரு ரசீது எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கய்யா."

சோணையம்மாளுக்கு உடம்பு கூசிப் போயிற்று. "ஆபீசருகிட்ட என்ன கேக்குறீக! பித்துப் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று பல்லைக் கடித்தார். ஆனால் முத்துராமன் கோபப்படவில்லை. வேடிக்கையாக எண்ணி, உரச் சிபாரிசுச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில், "வீரணனிடமிருந்து வயல் குறிப்பேடு ஒன்று, எண்பது பக்கம், பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்த வேடிக்கையைத் தவிர வீரணனிடம் இன்று வேறு சான்று அதிகம் இல்லை. ஏடு திரும்பி வரவே இல்லை.

1971 ஐப்பசியில் நடவுக்கு முன்பாக ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு லாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. பள்ளக்காட்டில் ஏழு பேர் நிலத்தில் மக்னீசிய செயல்விளக்கம் என்று அலுவலர் அறிவித்தார். ஏழு பேரில் முதலில் கைநாட்டு வைத்தவர் இருளாண்டி, சோணையம்மாளின் அண்ணன். "என் மாப்பிள்ளை கண்டுபிடிச்சது. நான் போடாம எவன் போடுறது?" என்று அவரே மற்ற ஆறு பேரையும் இழுத்து வந்தார். கூட்டத்தில் அலுவலர் இன்னொன்றும் சொன்னார்: இந்த ஆண்டு தழை மிதிக்க வேண்டாம், பொடியே போதும், கலந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. கொழுஞ்சி வெட்டும் வேலை மிச்சம் என்று ஏழு பேருக்கும் மகிழ்ச்சி.

வீரணன் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அது உப்பு இல்லை; மாவு. நேராக எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீர் வாங்கி வந்தார். ஒன்றில் தம் மடியிலிருந்த பேதி உப்பையும், மற்றதில் மூட்டைப் பொடியையும் போட்டுக் கலக்கி அலுவலரின் மேசைமேல் வைத்தார். ஒன்று தெளிந்த தண்ணீராக நின்றது. மற்றது மோராகக் கலங்கி, பேசிக் கொண்டிருக்கும்போதே அடியில் படிந்தது.

"இது கரையாதுங்கய்யா. நம்ம மண்ணே சுண்ணாம்பு மாதிரி. இதுல இது கெடந்தபடிக்குக் கெடக்கும். பயிரு எதைக் குடிக்கும்?"

"டீக்கடை ஆராய்ச்சியாப்பா?" என்றார் அலுவலர். "அது சல்பேட், இது டோலமைட். ரெண்டுலயும் மக்னீசியம்தான். சல்பேட் ஸ்டாக் இல்லை. மார்ச்சுக்குள்ள நான் ஏழு வயல் காட்டணும். எந்த மூட்டையில வந்ததுன்னு உன் நெல்லு லேபிள் படிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருளாண்டியும் சிரித்தார். வீரணன் இன்னும் பேச வாயெடுத்தபோது, அலுவலர் சுவரோரம் சாய்த்திருந்த ஒரு தகரப் பலகையைத் திருப்பிக் காட்டினார். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. "செயல்விளக்க வயல்: வீரணன் முறை."

இங்கே இரண்டாவது குற்றச்சாட்டு வருகிறது. அது வீரணன்மேல். அவருடைய பெயரை அதற்குமுன் எவரும் வண்ணத்தில் எழுதியதில்லை. அந்தப் பலகை இருளாண்டியின் வயல் வரப்பில் நடப்பட்டது. வீரணன் அதைப் பார்ப்பதற்காகவே அந்த வழியாக நடந்தார். மூட்டைச் சாக்கில் ஒரு துண்டை வெட்டி வந்து அதில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளை அகராதி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்: புளிப்பு நிலங்களுக்கு உரியது. களர், புளிப்புக்கு நேர் எதிர். அதைப் படித்த பின்னும் பதினொரு நாள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பலகை போய்விடும் என்று இருந்தார். இதை அவர் பின்னாளில் எழுதிய எல்லாக் கடிதங்களிலும், மறைக்காமல், மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டாம் நாள் இருளாண்டியிடம் போனார். நடவு அதற்குள் முடிந்துவிட்டது.

"மச்சான், அது நம்ம உப்பு இல்லை. வேற. பயிருக்கு ஏறாது. தழையும் மிதிக்கலை. இப்பவாச்சும் நான் தர்ற உப்பைக் கரைச்சு ஊத்துங்க."

இருளாண்டி வெற்றிலையைத் துப்பினார். "பலகையில உம்ம பேருதானே இருக்கு மாப்பிள்ளை?"

"இருக்கு."

"அப்ப உம்ம உப்புதான். சர்க்காரு ஒண்ணு சொல்லுறான், நீரு ஒண்ணு சொல்லுறீரு. செயல்விளக்கத்துல வேற எதையும் ஊத்தக்கூடாதுன்னு கைநாட்டு வாங்கியிருக்கானே! நான் கைநாட்டு வெச்சவன்."

மார்கழியில் ஏழு வயலும் முந்திய எந்த ஆண்டையும்விட மோசமாகப் போயின. பொடி கெடுக்கவில்லை, அது ஒன்றும் செய்யவில்லை. தழை மிதிக்காததுதான் கெடுத்தது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு வேறொன்று பட்டது. ஏழு மஞ்சள் வயலுக்கு நடுவே ஒரே ஒரு வயல் பச்சையாக நின்றது. அது, அந்த ஆண்டு பாத்தி பிரிக்காமல் முழுவதும் உப்பு இட்டிருந்த வீரணனுடையது.

ஒரு காலையில் இருளாண்டியின் மனைவி அக்கம்மாள் அந்தத் தகரப் பலகையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு தெரு வழியே வந்து வீரணன் வீட்டு வாசலில் எறிந்தார். சத்தம் கேட்டுத் தெரு கூடியது.

"அண்ணே, அண்ணேன்னு வாய் நெறையக் கூப்பிட்டேனே! ஒம்ம வயலுக்கு நல்ல உப்பு, எங்க வயலுக்குச் சுண்ணாம்பா? கூடப் பொறந்தவ புருசன் செய்யிற வேலையா இது?"

"தங்கச்சி, அது சர்க்காரு குடுத்தது. நான் சொன்னேன்..."

"எப்பச் சொன்னீக? தம்ளரைக் கலக்கிக் காட்டிட்டு, பலகையைக் கண்டதும் வாயை மூடிக்கிட்டீக; நட்டு முடிச்ச பெறகுதான் வந்து சொன்னீக. மொதல்லயே தெரியும்ல ஒமக்கு? தெரியுமா, தெரியாதா? இந்தத் தெருவுல சொல்லுங்க."

"தெரியும்" என்றார் வீரணன்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அந்த ஒரு சொல்லோடு ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: பேதியுப்பு நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு கெட்டதைச் சர்க்கார் கையில் கொடுத்து ஊரைக் கெடுத்தான். மார்ச்சில் அந்த அறிக்கை பலகையில் ஏறியபோது, ஊர் சொன்னதற்குச் சர்க்கார் முத்திரையும் கிடைத்தது. அறிக்கையில் டோலமைட் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தழையை நிறுத்தச் சொன்னதும் இல்லை.

சோணையம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போவது நின்றது. அடுத்த நடவுக்கு ஊரில் ஒரு கை வரவில்லை. புருசனும் பெண்டாட்டியுமாக நட்டார்கள். கண்மாய் மடைத் தண்ணீர் முறையில் வீரணன் பெயர் வரும்போது மடை திறக்கிற நீர்க்கட்டிக்கு ஏதாவது வேறு வேலை வந்துவிடும்.

"இந்த வருசம் நாமளும் உப்புப் போடாம இருந்துருவோம்" என்றார் சோணையம்மாள். "ஊரோட சேந்து மஞ்சளா இருந்துட்டுப் போவோம். பச்சையா நின்னு என்னத்தைக் கண்டோம்?"

வீரணன் அதற்கு இணங்கவில்லை. மறுபடியும் எட்டுப் பாத்தி பிரித்து, ஒற்றைக்கு உப்பு இட்டு, இரட்டையை வெறுமையாக விட்டார். ஓரமாக ஒரே ஒரு பாத்தியில் டோலமைட்டும் இட்டார். வந்து பார்க்கிறவன் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணினார். டோலமைட் பாத்தி, வெறும் பாத்தியைப் போலவே மஞ்சளாக நின்றது. எவரும் வந்து பார்க்கவில்லை. அவர் மட்டும் தூர் எண்ணி எழுதினார்.

இருளாண்டி அதற்குமுன்பே பள்ளக்காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுப் புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்குப் போய்விட்டார். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறிவிடும் வேலை. ஐம்பதை எட்டிய மனிதர். 1974 மாசியில் வீரணன் அங்கே போனார். களத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இருளாண்டியின் கால் விரல்கள் வெந்து வெளுத்திருந்தன.

"மச்சான்."

"லாரி வருது. தள்ளி நில்லு."

வீரணன் தள்ளி நின்றார். தாம் கொண்டுபோன ரசீது, சாக்குத் துண்டு, அறிக்கையின் படி ஆகிய மூன்றையும் நீட்டினார். இருளாண்டி அவற்றைக் கையால் தொடவே இல்லை.

"இது எல்லாம் நீ எழுதினது, நீ வெட்டினது. நான் என்னத்தை வாசிக்கப் போறேன்? உம்மேலதான் தப்புன்னு சர்க்காரு தாள்ல எழுதியிருக்கு. இல்லைன்னா, இல்லைன்னும் சர்க்காரு தாள்ல எழுதி வாங்கிட்டு வா. இங்க கணக்கப்பிள்ளை இருக்காரு, வாசிச்சுச் சொல்லுவாரு. சீலு இருக்கணும். அன்னைக்கு என் தங்கச்சிய வீட்டுக்குள்ள விடுறேன்."

மாப்பிள்ளை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. நீரு போய் நீ ஆகியிருந்தது. வீரணன் திரும்பி நடந்தார். கால் வெந்ததற்கு எண்ணெய் போடுகிறாரா என்று கேட்க மறந்துவிட்டது வழியில்தான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே வேண்டுகோள்தான்: அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துக. ஒன்றியத்துக்கு எழுதினார், மாவட்டத்துக்கு எழுதினார், அதற்கும் மேலே எழுதினார். ஒப்புகை அட்டைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. ஒரே ஒரு முறை பதில் வந்தது: "தங்கள் கடிதம் உரிய கவனத்தில் உள்ளது." சீல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போக முடியாது.

1976 செப்டம்பரில் காரைக்குடியில் ஒரு வேளாண்மைக் கண்காட்சி நடந்தது. வாசலில் வருகிறவர் கையிலெல்லாம் ஒரு துண்டு வெளியீட்டைத் திணித்துக் கொண்டிருந்தார்கள். "களர் நில நெல்லுக்கு மக்னீசிய சல்பேட்." ஆக்கியோன், முத்துராமன், பெயருக்குக் கீழே இப்போது பெரிய பதவி. அரசுப் பண்ணையில் 1973-இல் நடத்திய ஆய்வு என்று கண்டிருந்தது. கரைகிற சல்பேட்டாக இருக்க வேண்டும், டோலமைட் களர் நிலத்துக்கு உதவாது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வீரணன் நின்ற இடத்திலேயே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அதைப் பிரித்து அட்டவணையைப் பார்த்தார்.

எட்டுப் பாத்தி. ஒற்றைப்படைக்கு உப்பு. குத்துக்குப் பதினான்கு தூர், ஒன்பது தூர். விளைச்சல் மட்டும் மரக்காலிலிருந்து கிலோவுக்கு மாறியிருந்தது. ஆறாவது வரிசைக்கு நேராக, "பதிவு இல்லை."

முள்வேலியும் காவலாளும் உள்ள அரசுப் பண்ணையில் எந்த ஆடு புகுந்தது?

வீட்டுக்கு வந்து சோணையம்மாளிடம் காட்டினார். அவருக்கு எண் மட்டும் படிக்கத் தெரியும். ஆறின்மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு ஏழுன்னு போடச் சொன்னேன். நீங்க கேக்கலை" என்றார். பிறகு, "நல்லவேளை" என்றார். தாளை மடித்துக் கொடுத்தபடி, "இதை எங்க அண்ணன் நம்புவாரா?" என்று கேட்டார்.

நம்பமாட்டார். அச்சடித்த தாளில் வீரணனின் பெயர் இல்லை. அச்சில் உள்ளவரோ, வீரணன் முறை கெட்டது என்று முன்பு எழுதியவர். சர்க்கார் கோப்பில் வீரணன் முறை பயிரைக் கெடுத்தது. சர்க்கார் வெளியீட்டில் அதே முறை பயிரை வாழ வைக்கிறது. இரண்டும் ஒரே முறை என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் இருவர். ஒருவர் சொல்லி எவரும் கேட்கவில்லை. மற்றவர் சொல்லவில்லை.

1977-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, அறிக்கை ஒட்டப்பட்டு ஐந்து ஆண்டு நிறைந்த நாளில், வீரணன் தம் இருபத்துமூன்றாம் கடிதத்தை முத்துராமன் பெயருக்கே எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தார். ரசீதின் படி, சாக்குத் துண்டின் அளவும் அதன் எழுத்துகளும், "செல்லாது" என்று அடித்த முதலாண்டு ஏட்டின் விவரம், மருது தம் ஆடுகளைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒப்புதல் ஆகியவற்றை இணைத்தார். நீலத் தகரப் பலகை தபாலில் போகாது. அது வீட்டில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம் என்று குறித்தார். கடிதத்தின் கடைசிப் பத்தி பின்வருமாறு:

"கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பதினொரு நாள் வாய் திறக்காதிருந்த என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு உரியதை ஐந்து ஆண்டுகளாக அனுபவித்தும் வருகிறேன். 1971-ஆம் ஆண்டு சாத்தவயல் பள்ளக்காட்டில் ஏழு பேர் நிலத்தில் இடப்பட்டது டோலமைட் என்பதையும், அதைக் கொடுத்தது யார் என்பதையும், தழையை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும், ஆறாவது பாத்தியில் பதிவு இல்லாமற்போனதற்குக் காரணம் என்ன என்பதையும் தெரிவித்து, அலுவலரின் கையெழுத்துடனும் அலுவலக முத்திரையுடனும் எழுத்து மூலமான பதிலை இக்கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் அனுப்புமாறு கோருகிறேன். வாய்மொழிப் பதில் ஏற்கப்படமாட்டாது. பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் வேலை செய்யும் இருளாண்டி அவர்களுக்கு அனுப்பவும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்."